மு.வ.வும் மு. வரதராசனும்: நூலக அறிவியல் படிக்க நினைக்கும் வாசகிக்கு

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வசிக்கிறேன். வயது 34. சொந்த ஊர் வேலூர் பக்கம், அங்கேதான் பி.காம். முடித்தேன், 61 சதவீதம். ஒன்பது வருடமாக ஒரு தனியார் நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் வேலை. மகள் இரண்டாம் வகுப்பு. எங்கள் பகுதித் தமிழ் மன்ற வாசகசாலையில் சனிக்கிழமைகளில் உதவப் போனேன். அங்கே பட்டியலே இல்லாமல் கிடந்த சுமார் 1,100 புத்தகங்களுக்கு எக்செல்லில் பட்டியல் போட்டேன். ஒரே எழுத்தாளர் பெயர் நாலு விதமாக இருந்ததைச் சரிசெய்யவே மூன்று மாதம் ஆனது. அதிலிருந்து நூலக அறிவியல் படிப்பின் மேல் ஆசை வந்துவிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் வீட்டிலிருந்தே தகவல் அறிவியல் முதுகலை படிக்கலாம் என்கிறார் ஒரு ஏஜெண்ட். திங்கட்கிழமைக்குள் 25,000 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்கிறார். விண்ணப்பக் கடிதத்தையும் அவர்களே எழுதித் தருவார்களாம். ஆன்லைன் பட்டத்துக்கு மதிப்பு உண்டா? காமர்ஸ் படித்தவளை எடுப்பார்களா? கடிதத்தில் நான் என்ன எழுதுவது? ஒரு நாவல் விடாமல் படிப்பேன் என்பதைத் தவிரச் சொல்ல எதுவும் இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானது. திங்கட்கிழமை அந்த 25,000 ரூபாயைக் கட்டாதீர்கள். நல்ல பல்கலைக்கழகம் எதுவும் இப்படி ஏஜெண்ட் மூலமாக மூன்று நாள் கெடு வைத்துப் பணம் கேட்காது. விண்ணப்பக் கட்டணம் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில், உங்கள் பெயரில், உங்கள் கையால் கட்டுவது. என் நூலகத்தில் உதவியாளராக இருந்த ஒரு தம்பி, பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு ‘ஸ்டடி சென்ட்டரை’ நம்பி இரண்டு வருடம் பணம் கட்டிப் படித்தான். கையில் பட்டம் வந்தது. கல்லூரி வேலைக்குப் போனபோது சான்றிதழ் சரிபார்ப்பில் அது நிற்கவில்லை. அந்த மையத்துக்கு அப்படியொரு படிப்பை நடத்த அனுமதியே இருந்ததில்லை. பணம் போனதைவிட அந்த இரண்டு வருடம் போனதுதான் அவனை உலுக்கியது. உங்கள் கடிதத்தில் அந்த ‘திங்கட்கிழமை’ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வந்தது.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். பெங்களூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் 26 வருடமாக இருக்கிறேன். இந்தப் படிப்பை முடித்தவர்களை வேலைக்கு எடுக்கும் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஆன்லைன் பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: யாரிடம் காட்டப்போகிற பட்டம் இது? பதில் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

இங்கே பள்ளி, கல்லூரி, அரசு நூலகம் என்று போக நினைத்தால், இந்தியப் பட்டம் வேண்டும், அதுவும் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரத்தோடு வேண்டும். அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்தில் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பெற்ற பட்டம், நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி தெளிவாகவே அறிவித்துவிட்டது. ஆகவே ‘ஆன்லைன்’ என்ற சொல்லுக்காக வெட்கப்பட வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது அனுமதியை. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில், எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்தப் பருவத்தில் நடத்தலாம் என்று பட்டியல் இருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்பும், சேரும் பருவமும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை அன்றைய தேதியோடு சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ போய் நூலகராக வேலை பார்க்கும் திட்டம் இருந்தால் கதை வேறு. அங்கே பெரும்பாலான நூலகர் வேலைகளுக்கு அமெரிக்க நூலகச் சங்கம், அதாவது ஏஎல்ஏ, அங்கீகரித்த முதுகலையைக் கேட்பார்கள். அப்படி அங்கீகாரம் பெற்ற, முழுக்க ஆன்லைனில் முடிக்கக்கூடிய படிப்புகள் உண்மையிலேயே இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகம், இல்லினாய், வாஷிங்டன் பல்கலைக்கழகங்கள் என்று சொல்லலாம். நல்ல படிப்புகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று விஷயங்களை யோசியுங்கள். கட்டணம் டாலரில், ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது பாட அலகுக்கும், தனித்தனியாக. சான் ஹோசேயில் மொத்தம் 43 யூனிட் முடிக்க வேண்டும். உங்களுக்கு ஒரு யூனிட் எவ்வளவு என்று கேட்டு 43 ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இரண்டாவது, வீட்டிலிருந்து படிக்கும் படிப்புக்கு மாணவர் விசா கிடையாது. ‘படிப்பில் சேர்ந்தால் அப்படியே அங்கே போய்விடலாம்’ என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தால் அது பொய். மூன்றாவது, அந்தப் பட்டத்தை இந்திய அரசு வேலைக்கோ பல்கலைக்கழக வேலைக்கோ காட்ட வேண்டுமென்றால் இங்கே சமானச் சான்று வாங்க வேண்டும். ஆன்லைனில் பெற்ற வெளிநாட்டுப் பட்டத்துக்கு அதை வாங்குவது மிகவும் கடினம்.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். அங்கே மேற்குக் கரையில் மாலை ஆறரை மணி வகுப்பு என்றால் கோடையில் நமக்குக் காலை ஏழு, குளிர்காலத்தில் எட்டு. உங்கள் மகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டி வேனில் ஏற்றும் நேரம். கிழக்குக் கரைப் பல்கலைக்கழகம் என்றால் விடியற்காலை நாலு மணி, குளிர்காலத்தில் ஐந்து. ஒரு வாரம் செய்யலாம், இரண்டு வருடம் செய்ய முடியுமா? எல்லா வகுப்பும் நேரலையாக இருக்காது, பதிவு செய்ததைப் பிறகு பார்க்கலாம் என்கிற படிப்புகளும் உண்டு. எது எப்படி என்று சேர்வதற்கு முன்பே எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் பி.காம். மூன்று வருடப் படிப்பு. அதை ஏற்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் உண்டு, நாலு வருடம் வேண்டும் என்பவையும் உண்டு. அதையும் சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் அவர்களே சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு மின்னஞ்சலுக்குத்தான் ஏஜெண்ட் 25,000 கேட்கிறார்.

உங்கள் கடிதத்தில் நாட்டை விட்டுப் போகும் பேச்சே இல்லை. அதனால் என் யோசனை நேரடியானது: இந்தியாவிலேயே, இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொடங்குங்கள்.

ஆனால் ஒன்று. எடுத்த எடுப்பில் முதுகலையில் சேர முடியாது. நம் நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் பட்டம் முடித்த பிறகு முதலில் பி.எல்.ஐ.எஸ். என்ற ஒரு வருட நூலக அறிவியல் இளநிலை, அதன் மேல் எம்.எல்.ஐ.எஸ். என்ற முதுகலை. இக்னோவிலும் அப்படித்தான். எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியவரும் பி.எல்.ஐ.எஸ்.ஸில் சேரலாம், உங்கள் 61 சதவீதம் போதும். காமர்ஸ் என்பது தடையே இல்லை. இரண்டு படி ஏற வேண்டுமே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். வகைப்படுத்துவதையும் பட்டியலிடுவதையும் கையால் செய்து பழகுவது அந்த முதல் வருடத்தில்தான். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி தசம முறையில் ஒரு புத்தகத்துக்கு எண் போடத் தெரியாமல் முதுகலை முடித்தவர்கள் நேர்காணலில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பள்ளி நூலகர் வேலைகள் பலவற்றுக்கு இந்த இளநிலையே போதும், கேந்திரிய வித்யாலயாவுக்கும்தான். வயது வரம்பை மட்டும் ஒவ்வொரு அறிவிப்பிலும் பாருங்கள். கர்நாடக அரசு வேலை என்றால் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், அதற்கும் இப்போதே ஒரு நோட்டுப் போடுங்கள். கல்லூரி, பல்கலைக்கழகத்தில் உதவி நூலகர் என்றால் முதுகலையில் 55 சதவீதமும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வும் வேண்டும்.

இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு சேர்க்கை. மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மென்ட், 70 சதவீதம் தேர்வு. அசைன்மென்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள். பாடம் எப்படி இருக்கும் என்று பார்க்க விண்ணப்பிக்கக்கூட வேண்டாம். இ-ஞானகோஷ் என்ற இக்னோவின் தளத்தில் பாடப் புத்தகங்கள் இலவசமாகவே கிடக்கின்றன. இந்த வாரம் வகைப்படுத்தல் பாடத்தில் ஒரு அலகை மட்டும் படித்துப் பாருங்கள். படித்து முடித்ததும் உங்கள் எக்செல்லைத் திறந்து எதையாவது மாற்ற வேண்டும் போல் கை துறுதுறுத்தால், இது உங்கள் படிப்புதான்.

நேரில் போய்ப் படிக்க எப்போதாவது வழி பிறந்தால், நம் ஊரிலேயே மைசூர் ரோட்டில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் டிஆர்டிசி என்ற ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையம் இருக்கிறது. இரண்டு வருட முதுகலை, நுழைவுத் தேர்வு, தேர்வானால் உதவித்தொகை. அதை 1962-ல் தொடங்கியவர் இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன், நம் சீர்காழிக்காரர். வயது 34 என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தயக்கத்துக்கு அவர் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், நூலகப் பயிற்சி எதுவும் இல்லாமல் 31 வயதில், 1924-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். சேர்ந்த சில நாளிலேயே அந்தத் தனிமை பிடிக்காமல், பழைய ஆசிரியர் வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று தன் பழைய கல்லூரியின் முதல்வரிடம் போய் நின்றிருக்கிறார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று அனுப்பினார்கள். அங்கே போய் நூலகங்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு இந்தத் தொழில் பிடித்துப்போனது. நீங்கள் வாசகசாலையில் மூன்று மாதம் உட்கார்ந்து பிடித்துப்போய் வந்திருக்கிறீர்கள். அவரைவிட ஒரு படி முன்னால்தான் நிற்கிறீர்கள்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

இக்னோவுக்கு நோக்கக் கடிதம் தேவைப்படாது. ஆனால் வெளிநாட்டுப் படிப்பு, உதவித்தொகை, இன்டர்ன்ஷிப், நாளைக்கு வேலை என்று எதற்குப் போனாலும் ஒரு பக்கம் உங்களைப் பற்றி எழுதச் சொல்வார்கள். அதை ஏஜெண்டிடம் கொடுக்காதீர்கள். அவர்கள் எழுதும் கடிதங்களை வாசித்திருக்கிறேன். எல்லாம் ‘சிறு வயது முதலே எனக்குப் புத்தகங்கள் மீது தீராத காதல்’ என்றுதான் தொடங்கும். புத்தகக் காதல் நல்லதுதான், ஆனால் அது வாசகருக்குப் போதும். நூலகருக்கு வேறொன்று வேண்டும்: இன்னொருவர் தேடுவது அவர் கைக்குக் கிடைக்க வேண்டுமே என்ற கவலை.

அந்தக் கவலை உங்களுக்கு இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள்தான் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். ஒரே எழுத்தாளர் பெயர் நாலு விதமாக இருந்தது என்றீர்களே, அதுதான். வாசகசாலை அலமாரியில் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஒரு அட்டையில் மு.வ., அடுத்ததில் மு. வரதராசன், இன்னொன்றில் டாக்டர் மு. வரதராசனார். ஒருவர் கல்கி என்று கேட்பார், பட்டியலில் ரா. கிருஷ்ணமூர்த்தி என்று போட்டிருப்பார்கள். புதுமைப்பித்தனைத் தேடுகிறவருக்கு சொ. விருத்தாசலம் என்ற பெயரில் இருப்பது கிடைக்காது. தமிழில் முதலெழுத்து வேறு தொல்லை. எழுத்து வரிசையில் அடுக்கினால், ‘மு’வில் வைப்பதா ‘வ’வில் வைப்பதா? கிரந்த எழுத்து போட்டும் போடாமலும் ஒரே பெயர் இரண்டு வரிசையில் போய் உட்காரும். நீங்கள் மூன்று மாதம் பட்ட அந்தப் பாட்டுக்கு எங்கள் துறையில் பெயர்க் கட்டுப்பாடு என்று பேர். உலகம் முழுக்கப் பெரிய தேசிய நூலகங்கள் எல்லாம் இதற்கென்றே ஆட்களை வைத்துக் கோப்புகள் பராமரிக்கின்றன. தகவல் அறிவியல் என்ற படிப்பின் மையமே இதுதான்: ஒன்றுக்குப் பல பெயர், ஒரே பெயரில் பல பேர், தேடுகிறவருக்கு எது தெரிந்திருந்தாலும் சரியான இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும்.

ஆகவே கடிதத்தை அங்கேயிருந்து தொடங்குங்கள். பட்டியல் இல்லாத 1,100 புத்தகங்கள். முதலில் என்ன செய்தீர்கள், எங்கே சிக்கியது, பெயர்களைச் சேர்க்க என்ன விதி வைத்தீர்கள், அந்த விதி எந்தப் புத்தகத்தில் உடைந்தது. எக்செல்லில் ‘முதன்மைப் பெயர்’ என்று ஒரு தனி நெடுவரிசை போட்டீர்களா? புனைபெயருக்கு முன்னுரிமை கொடுத்தீர்களா, இயற்பெயருக்கா? ஏன்? பட்டியல் வந்த பிறகு யாராவது ஒருவர், முன்பு கிடைக்காத புத்தகத்தைக் கண்டுபிடித்தாரா? அந்த ஒருவரைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். அதன் பிறகு உங்களுக்குத் தீர்க்கத் தெரியாமல் போனது எது என்று சொல்லுங்கள். தெரியாததை ஒப்புக்கொண்டால் குறைத்து மதிப்பிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். எது தெரியவில்லை என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவரைத்தான் நாங்கள் தேடுகிறோம். அதைக் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் படிப்பு என்று முடித்தால் ஒரு பக்கம் நிறைந்துவிடும். அலுவலகத்தில் ஒன்பது வருடம் ஆவணங்களைப் பார்த்ததையும் விடாதீர்கள். எந்த ஆவணத்தை எத்தனை வருடம் வைப்பது, திருத்திய பிரதிகளில் எது கடைசி என்று அன்றாடம் முடிவெடுக்கிறீர்கள். அதுவும் எங்கள் தொழில்தான். பெங்களூரில் இந்தப் படிப்பு முடித்தவர்கள் நூலகம் என்ற பெயரே இல்லாத இடங்களில், நிறுவனங்களின் அறிவுத் தொகுப்பு, தேடுபொறிக்கான வகைப்பாடு, ஆவணக் காப்பகம் என்று வேலை பார்க்கிறார்கள். அங்கே பட்டம் எங்கே வாங்கினீர்கள் என்பதைவிட என்ன செய்து காட்டினீர்கள் என்று கேட்பார்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்டால், பெரிய மனிதர் யாரையும் தேடி ஓடாதீர்கள். உங்கள் மேலாளர் ஒருவர், வாசகசாலைச் செயலாளர் ஒருவர், போதும். செயலாளருக்கு ஆங்கிலம் வராது என்றால் அவர் தமிழில் எழுதட்டும், மொழிபெயர்ப்பை இணைக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பைக் கண்ணால் பார்த்தவர் எழுதும் நாலு வரிக்கு எடை அதிகம்.

இன்னொன்று, நம்மவர்கள் பலர் தடுக்கி விழும் இடம். உங்கள் மதிப்பெண் பட்டியலில் அப்பாவின் முதலெழுத்தோடு பெயர் இருக்கும். ஆதாரில் அது விரிந்து இருக்கலாம், அல்லது கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்திருக்கலாம். பாஸ்போர்ட்டில் மூன்றாவது மாதிரி. தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேர 2024 முதல் டெப் ஐடி என்ற, யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் அடையாள எண் கட்டாயம். அதற்கு முன்னால், அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாக ஏபிசி ஐடி என்ற கல்விக் கணக்கு எண் எடுக்க வேண்டும். அது ஆதாரில் இருக்கும் பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். சேர்க்கைக்குக் கடைசி நாள் நெருங்கும்போது பெயர்த் திருத்தத்துக்கு அலைகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். இந்த மாதமே எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மாற்றம் இருந்தால் ஆதாரில் திருத்துவதா, பிரமாணப் பத்திரம் வைப்பதா என்று பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் பின்னால் வந்தாலும் வரலாம் என்றால், வேலூருக்குப் போகும்போது பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்டுக்கும், அதாவது பல்கலைக்கழகமே முத்திரையிட்டுத் தரும் மொத்த மதிப்பெண் தொகுப்புக்கும், விண்ணப்பித்துவிடுங்கள். அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும்.

சேர்க்கை தொடங்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசம், நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-ல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் ஓடுகிறது. தமிழையும் ஏற்கும். உங்கள் எக்செல் பட்டியலில் ஒரு ஐம்பது புத்தகத்தை மட்டும் அதில் ஏற்றிப் பாருங்கள். எழுத்தாளர் பெயருக்கு அதில் தனிப் பதிவு வைத்து, மற்ற வடிவங்களை அதற்குக் கீழே ‘இதைப் பார்க்கவும்’ என்று இணைக்க முடியும். நீங்கள் எக்செல்லில் பட்ட பாட்டுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு இடம் போட்டு வைத்திருப்பதைப் பார்க்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் முதல் முறை அப்படித்தான் இருந்தது.

கப்பன் பார்க்கில் இருக்கும் மாநில மத்திய நூலகத்துக்கு மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் போய்வாருங்கள். அங்கே தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கேட்டு, அது உங்கள் கைக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது, எந்தப் பெயரில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். மு.வ.விலேயே தொடங்கலாம்.